பன்னிரண்டு வயது

சகோதரிகளே, எட்டு வயதுப் பிள்ளையைக்கூடக் குற்றவாளியாக்க எங்கள் சட்டம் நெடுங்காலம் இடம் தந்தது. 2018 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு அந்த வயது 12 ஆனது. 12 முதல் 14 வரை, பிள்ளையின் முதிர்ச்சியை நீதவானே தீர்மானிக்க வேண்டும்.

பதுளைத் தோட்ட லயங்களில் இதை அறிந்த தாய்மார் சிலரே. பொலிஸ் என்றதும் பயந்து, சிங்களத்தில் எழுதியதில் கையொப்பம் வைத்துவிடுகிறார்கள். முகாமில் இருந்த உங்களுக்கு இது புதிதல்லவே! பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டு போங்கள்.

நன்னடத்தைச் சேவை, 13 ஆவது திருத்தத்தின்படி, மாகாணத்தின் பொறுப்பு. ஊவா மாகாணத் திணைக்களத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: தோட்டப் பிள்ளையின் வீட்டு நிலைமையைத் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் தாயிடம் பேசி எழுதட்டும். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் பிள்ளை வீட்டுக்கா, இல்லத்துக்கா என்று நீதிமன்றம் யோசிக்கிறது. அவசரத்துக்கு 1929 ஐ அழையுங்கள்.