தோற்றுப்போன காசுக்கும் ஒரு குடும்பம் உண்டு

"அம்மஞ்சல்லிக்குப் பிரயோஜனம் இல்லை" என்று ஒரு தடவையாவது திட்டு வாங்காத ஆள் நம்ம பக்கத்தில் இருக்க முடியாது :-) அந்த அம்மஞ்சல்லி வேறு ஒன்றுமில்லை, புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசுதான். சின்ன செம்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. ஒரு அணாவுக்கு 20 காசு. நவராத்திரி சமயத்தில் அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, காசின் காலமும் முடிந்தது. அத்தனை சின்ன வட்டத்துக்குள் அம்மனை உட்கார வைத்தவரின் பெயர் அந்தக் காசில் கிடையாது.

சரி, அது ராஜா காலம். ஜனநாயக காலத்தில் என்ன செய்தோம்?

2009-ல் மத்திய நிதி அமைச்சகம் ரூபாய்க்கு ஒரு குறி வேண்டும் என்று போட்டி வைத்தது. 3,331 வரைவுகள் வந்தன. அதில் 5 பேர் கடைசிச் சுற்றுக்குப் போனார்கள். 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை உதயகுமாரின் வரைவை ஏற்றது. 2011-ல் அந்தக் குறி நம் நாணயங்களிலும் ஏறியது. ஜெயித்தவரைப் பற்றி நமக்கு நிறையவே தெரியும். தமிழ்நாட்டுக்காரர், அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, மும்பை ஐஐடியில் ஆராய்ச்சி, அதுவும் தமிழ் எழுத்துருக்கள் பற்றி. அவர் அப்பா ரிஷிவந்தியம் தொகுதியின் முன்னாள் திமுக எம்எல்ஏ. 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறிக்குப் பதில் 'ரூ' வந்ததும் இந்தக் குடும்பக் கதையை எல்லா சேனலும் மறுபடி தோண்டி எடுத்தன.

தோற்றவர்கள்? அந்த 5 பேரில் ஒருவர் நோந்திதா கொரியா மெஹ்ரோத்ரா. அவரும் கட்டடக் கலைஞர்தான். அப்பா சார்லஸ் கொரியா, சபர்மதி ஆசிரமத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர். அம்மா மோனிகா கொரியா தறியில் நெய்யும் கலைஞர். ஒருவர் கட்டடத்துக்குக் கோடு போடுகிறார், இன்னொருவர் நூலில் கோடு போடுகிறார். அந்த வீட்டில் வளர்ந்த பெண் ஒரு நாட்டின் பணத்துக்குக் கோடு போட்டுப் பார்த்திருக்கிறார். தோற்ற வரைவுதான், ஆனால் பின்னால் எவ்வளவு பெரிய கதை!

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. இந்தக் கதை நமக்குக் கிடைப்பது அவர் பெற்றோர் பிரபலம் என்பதால். மீதி ஆயிரக்கணக்கான வரைவுகளுக்குப் பின்னால் ஒரு சைன்போர்டு பெயின்டரின் மகள் இருக்கலாம், ஒரு பத்தரின் பேரன் இருக்கலாம். செய்தியில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நாலு இலக்க எண், அவ்வளவுதான்.

தோற்றவர்களை எப்படி மதிப்பது என்று பார்க்க அயர்லாந்து வரை போக வேண்டும். சுதந்திரம் பெற்றதும் அவர்கள் புது நாணயங்களுக்குப் போட்டி வைத்தார்கள். குழுவின் தலைவர் கவிஞர் யேட்ஸ். ஜெயித்தது இங்கிலாந்துக்காரர் பெர்சி மெட்காஃப். 1928-ல் காசுகள் வெளிவந்தபோது ஒரு புத்தகமும் போட்டார்கள். அதில் தோற்றவர்களின் வரைவுகளுக்கும் படம் உண்டு!

அந்தப் போட்டியில் இவான் மெஷ்ட்ரோவிச் என்ற குரோஷியச் சிற்பிக்கு அழைப்பு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவர் வரைவு தாமதமாகி, போட்டியிலேயே சேரவில்லை. அதற்காக அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அயர்லாந்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். இவர் யார்? ஓட்டாவிட்சே என்ற மலைக் கிராமத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். அப்பா விவசாயி, கொத்து வேலையும் செய்தவர். பிற்காலத்தில் அதே ஊரில் குடும்பத்துக்காக ஒரு கல்லறைக் கோயில் கட்டி, வெண்கலக் கதவில் வீட்டார் முகங்களைச் செதுக்கினார். 1990-களின் போரில் அந்தக் கதவு திருடு போனது.

அவர் கொடுத்த வரைவு என்ன ஆனது? 1965-ல் அயர்லாந்து மத்திய வங்கி அதைத் தன் முத்திரையாக எடுத்துக்கொண்டது. பார்க்க அவர் இல்லை, 1962-லேயே இறந்துவிட்டார். காமர்ஸ் பாஷையில் சொன்னால், நஷ்டம் என்று எழுதித் தள்ளியது 37 வருஷம் கழித்து சொத்தாகத் திரும்பி வந்திருக்கிறது. தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தானே வந்தது?

"மூவாயிரம் பேர் கதையை யார் படிப்பது?" என்று கேட்கலாம். எல்லாரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். அவரவர் பேரப்பிள்ளை தேடி வரும்போது இருந்தால் போதும். ஒரு வரைவுக்கு ஒரு ஸ்கேன், வரைந்தவர் சம்மதித்தால் அவர் எழுதிய அரைப் பக்கம்: எந்த ஊர், வீட்டில் என்ன தொழில், இந்தக் கோடு எங்கிருந்து வந்தது. இதை ரிசர்வ் வங்கியின் மும்பை நாணய அருங்காட்சியகத்தில் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? அரசுப் போட்டி எதுவானாலும் விதிமுறையில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். நம்ம டிபார்ட்மென்ட் விழாவுக்கு லோகோ போட்டி வைக்கிறோமே, அங்கே ஆரம்பிக்கலாம். ஜெயித்ததை பேனரில் போட்டுவிட்டு மீதியைக் குப்பையில் போடாமல், பெயரோடு ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள் மக்களே. அம்மஞ்சல்லி செலவு கூட ஆகாது.