கிலோவுக்குப் போட்ட சரக்கு

பழைய இரும்பு இன்று கிலோ என்ன விலை போகிறது என்று கேட்டால் எமது வியாபாரிகளில் பெரும்பாலானோர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். கடையின் பின்னறையில், மேல்தட்டில் இருபது வருடமாக அசையாமல் கிடக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் அத்தனை விரைவாகப் பதில் வராது. எனக்கும் வரவில்லை. அதனால் நான் இழந்ததைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

1998ஆம் ஆண்டு, வாப்பா மௌத்தாகி ஒரு வருடம் கழிந்த பின்னர், கம்பளையில் அவர் நடத்தி வந்த சைக்கிள், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையை நான் ஹார்ட்வெயார் கடையாக மாற்றினேன். பெயின்ற், பீ.வீ.சி. குழாய், சீமெந்து என்று புதிய சரக்குகளுக்கு இடம் தேவைப்பட்டது. பின்னறையில் இருந்ததெல்லாம் ஆங்கிலேயர் காலத்து மோட்டார் சைக்கிள்களின் சாமான்கள். மெழுகுத் தாளில் சுற்றி, கிறீஸ் பூசி, சிறு சிறு அட்டைப் பெட்டிகளில் வாப்பா அடுக்கி வைத்திருந்தார். யப்பான் பைக்குகள் வந்து வீதியை நிறைத்து இருபது வருடமாகிவிட்டது, இதை இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று பழைய இரும்பு எடுப்பவரைக் கூப்பிட்டேன். அட்டைக்குக் காசு இல்லை என்றார் அவர். ஆகவே பெட்டிகளைக் கிழித்து எறிந்துவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் தராசில் ஏற்றினோம். நாலாயிரத்துச் சொச்சம் ரூபா கிடைத்தது. நல்ல வியாபாரம் செய்ததாக அன்று மதியச் சாப்பாட்டின்போது வீட்டில் பெருமையாகவும் சொன்னேன்.

வாப்பாவின் மோட்டார் சைக்கிளை மட்டும் விற்க மனம் வரவில்லை. அது 1952ஆம் ஆண்டின் பீ.எஸ்.ஏ. பென்டம், டீ1 மாதிரி. ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கத் தகடு கொண்டது. புசல்லாவ, நாவலப்பிட்டி தோட்டங்களுக்கு அதில்தான் அவர் ஓடர் எடுக்கப் போவார். 123 சீ.சீ., மூன்று கியர், நாலரைக் குதிரை வலு. புசல்லாவ ஏற்றத்தில் நான் பின்னால் இருந்தால் முதல் கியருக்கு இறங்கிவிடும். பெற்றோல் தொட்டி மூடியிலேயே எண்ணெய் அளக்கும் சிறு கிண்ணம் இருக்கும். பெற்றோலோடு எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். மங்கிய பச்சை நிறம். வீட்டின் பின்பக்கத்துக் கொட்டிலில் இருபது வருடங்களுக்கு மேல் கோழிகளுக்கு அது ஆசனமாக இருந்தது.

2019 இல் கடையை மகனிடம் ஒப்படைத்த பின்பு அதைத் திருத்த இறங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, எனக்குத் தேவையான சாமான்களில் பாதியை நானே கிலோவுக்குப் போட்டிருக்கிறேன் என்பது.

பென்டத்தைத் தயாரிப்பது 1971 இல் நின்றுவிட்டது. பேர்மிங்ஹாமின் பீ.எஸ்.ஏ. கம்பெனியே 1973 இல் நோர்ட்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ப் என்ற புதிய கம்பெனிக்குள் கரைந்து போனது. ஆனால் அதன் இலக்கங்கள் சாகவில்லை. பீ.எஸ்.ஏ. உதிரிப்பாக இலக்கத்தின் முன்பகுதியைப் பார்த்தாலே அந்தச் சாமான் முதலில் எந்த மாதிரிக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம். 90 என்று தொடங்கினால் பென்டம். 67 என்றால் ஏ7, ஏ10 என்ற இரட்டைச் சிலிண்டர் பெரிய வண்டிகள். 40 என்றால் சீ15. நான் கிழித்து எறிந்த அட்டைப் பெட்டிகளில் இருந்தவை இந்த இலக்கங்கள்தாம். இலக்கம் இல்லாத ஸ்பிரிங் வெறும் கம்பி. இலக்கம் உள்ள ஸ்பிரிங்குக்கு உலகின் எந்த மூலையிலோ ஒருவர் காத்திருக்கிறார். பிரித்தானியாவில் 1946 இல் தொடங்கப்பட்ட விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், பீ.எஸ்.ஏ. தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் வெளியே சென்ற பேரேடுகளைக்கூடப் பாதுகாத்து வைத்திருக்கிறது. தொழிற்சாலை மூடி ஐம்பது வருடமாகியும் அதன் கணக்குப் புத்தகத்துக்கு இன்னும் கேள்வி இருக்கிறது!

வண்டியைக் கழற்றும் வேலை ஓர் இளம் மெக்கானிக்கிடம் போனது. கெட்டிக்காரப் பையன், ஆனால் அவனிடம் இருந்ததெல்லாம் மில்லிமீற்றர் ஸ்பேனர். இந்த வண்டியிலோ விட்வேர்த், பீ.எஸ்.எஃப்., சைக்கிள் புரி என்று மூன்று நான்கு வகைப் பழைய ஆங்கிலப் புரிகள். விட்வேர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் அளவு நட்டின் அகலமே அல்ல, போல்ட்டின் தடிப்பு. கால் அங்குலத் துளை ஒன்றில் அவன் 6 மில்லிமீற்றர் போல்ட்டைப் போட்டான். அங்குலத்துக்கு 26 புரி உள்ள சைக்கிள் புரியும் 6 மில்லிமீற்றர் போல்ட்டின் புரியும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் போல்ட் ஒரு நூலளவு மெலிந்தது. இலேசாக உள்ளே போனது, இறுக்கும்போது புரியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. பிழை என்னுடையது. அவனுக்குத் தெரியாது என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை. பின்பு கண்டியில் வயது போன பாஸ் உன்னெஹே ஒருவரிடம் வண்டியை ஏற்றினேன். அவர் தன் பழைய ஸ்பேனர் பெட்டியைத் திறந்து காட்டியபோது, அதே மாதிரிச் சாவிகள் ஒரு சாக்கு நிறைய எங்கள் பின்னறையில் கிடந்தது ஞாபகம் வந்தது.

சாமான் தேடி முதலில் போனது, எல்லோரும் போகும் பஞ்சிகாவத்தைக்கு. அங்கே ஒரு கடையில் மெக்னீட்டோவின் பொயின்ற் ஒன்று கிடைத்தது. பெட்டியைப் பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்தது. ஐம்பதுகளின் எழுத்து, ஐம்பதுகளின் நிறம். "ஒரிஜினல்தான் நானா, வாப்பா காலத்துச் சரக்கு" என்றார் கடைக்காரர். கேட்ட காசைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே ஸிப் பூட்டு வைத்த பொலித்தீன் பை. 1952 இல் எவரும் அப்படியொரு பையைக் கண்டதில்லை.

உண்மையைச் சொல்வதானால், அந்தப் பொயின்ற் பிழையில்லாமல் வேலை செய்தது. இன்றும் வண்டியில் அதுதான் இருக்கிறது. பழைய வண்டிகளுக்கான பிரதிச் சாமான்கள் இந்தியா, தாய்வான், இங்கிலாந்து என்று பல இடங்களில் செய்யப்படுகின்றன. அவற்றில் நல்லதும் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது. "இது கொப்பி, ஆனால் நல்ல கொப்பி" என்று அவர் சொல்லியிருந்தால் அதன் நியாயமான விலைக்கு மகிழ்ச்சியோடு எடுத்திருப்பேன். என்னிடம் இன்னும் பதினொரு சாமான்களின் பட்டியல் இருந்தது. அந்தக் கடைக்கு நான் மறுபடி போகவில்லை. அவர் என்னிடம் உழைத்தது சில ஆயிரம். என்னிடம் உழைத்திருக்கக் கூடியதை அவர் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்.

இதை எழுதும்போது ஒரு நண்பர் மடக்கினார்: "உங்கட பென்டமே கொப்பிதானே?" அவர் சொன்னது சரி. பென்டம், ஜெர்மனியின் டீ.கே.டபிள்யூ. கம்பெனி செய்த ஆர்.டீ. 125 என்ற வண்டியின் பிரதி. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து நட்டஈடாக அந்த வண்டியின் வரைபடங்கள் பிரித்தானியாவுக்கு வந்தன. ஆங்கிலேயருக்குக் கியர் வலக்காலில் வேண்டும் என்பதற்காக, எஞ்சினைக் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம்வலம் மாற்றி 1948 இல் பென்டம் என்று சந்தைக்கு விட்டார்கள். அதே வண்டியை ரஷ்யர்கள் மொஸ்க்வா என்று செய்தார்கள். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் செய்தது. 1955 இல் யமஹா முதன்முதலாக விற்ற வண்டியும் இதன் பிரதிதான். இன்று யமஹாவை எவராவது கொப்பிக்காரர் என்கிறார்களா? இவர்கள் எல்லோரும் தொட்டியில் தங்கள் தங்கள் பெயரைத்தான் எழுதினார்கள். பென்டத்தை டீ.கே.டபிள்யூ. என்று சொல்லி பீ.எஸ்.ஏ. விற்கவில்லை. கொப்பி செய்வதில் எனக்குப் புகார் இல்லை. பிறர் பெயர் போட்ட பெட்டிக்குள் அதை வைப்பதில்தான் புகார்.

மீதிச் சாமான்களை இங்கிலாந்திலிருந்து தபாலில் எடுக்க வேண்டி வந்தது. நான் வாங்கிய இடங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதியிருந்தார்கள்: பாவிக்காத அசல் பழைய சரக்கு, பாவித்த அசல், பிரதி. ஒரே சாமானுக்கு மூன்று விலை. வாங்குபவர் தன் பைக்கு ஏற்றதை எடுக்கலாம். பிரதியையும் வெட்கப்படாமல் விற்கிறார்கள், அசலுக்கும் துணிந்து விலை கேட்கிறார்கள். இரண்டாவதைச் செய்ய முடிவதற்கு முதலாவதுதான் காரணம் என்பது என் எண்ணம். பிஸ்டனையும் ரிங்கையும் பிரதியாகவே எடுத்தேன். வெளியே தெரியாத இடத்தில் அசலுக்குக் காசு கொட்டும் அளவுக்கு நான் பணக்காரனல்ல. 2022 இல் இரண்டாவது பார்சலுக்குக் காசு கட்டும் நேரத்தில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிப் போனது. ஆறு மாதம் வண்டி அப்படியே நின்றது.

கிளச் தட்டு மட்டும் எஞ்சியது. டீ1 வண்டியின் கிளச் தட்டில் தக்கைத் துண்டுகள் பதித்திருக்கும். எங்களுடையதில் தக்கை காய்ந்து கல்லாகிவிட்டது. நாவலப்பிட்டியில் பழைய சைக்கிள் கடை ஒன்று இருக்கிறது, ஒரு முறை பாருங்கள் என்று பாஸ் உன்னெஹேதான் அனுப்பினார். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, சாமான் அறைக்குள் போகாமல், லாச்சியிலிருந்து ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்தார். விரலால் வரி வரியாகத் தடவி, "மூன்று இருக்கு தம்பி" என்றார்.

மெழுகுத் தாள் பொதியோடு வந்தது. 90 என்று தொடங்கும் இலக்கம். அதன் மூலையில் கொப்பிப் பென்சிலால் மூன்று எழுத்துக்கள்.

எமது பழைய கடைக்காரர்கள் கொள்விலையை எழுத்தில் எழுதும் வழக்கத்தை மூத்தவர்கள் அறிவார்கள். பத்து வேறு எழுத்துக்கள் உள்ள ஒரு சொல்லைத் தெரிவுசெய்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, வாடிக்கையாளருக்குப் புரியாமல் குறித்து வைப்பார்கள். வாப்பாவின் சொல் எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்தது. அந்த மூன்று எழுத்தையும் நான் வாசித்தேன். இரண்டு ரூபா எழுபத்தைந்து சதம்.

"இது எங்கே எடுத்தது காக்கா?" என்று கேட்டேன். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது இருக்கும், இரும்புக்காரர் ஒருவரின் லொறியில் பொதி கலையாமல் கிடந்ததைப் பார்த்து, கிலோவுக்கு இரண்டு மடங்கு கொடுத்து எடுத்தாராம். அன்றிரவே உட்கார்ந்து இலக்கங்களைக் கொப்பியில் ஏற்றினாராம். "யாரோ ஒரு மடயன் போட்டிருக்கான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தட்டு 4,500 ரூபா கேட்டார். பேரம் பேசாமல் மூன்றையும் எடுத்தேன்.

அவரிடம் கணினி இல்லை. பாவித்தது ஒரு கொப்பியும் ஓர் இரவும். எங்களிடம் இன்று கைத்தொலைபேசி இருக்கிறது, பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். பெட்டியில் உள்ள இலக்கத்தைப் படம் பிடித்து, தேடிப் பார்த்து, எழுதி வைப்பதற்கு எத்தனை நேரம் பிடிக்கும்? ஒன்றுக்கும் உதவாதது என்று தெரிந்த பின் தராசுக்குக் கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாப் பழைய சாமானும் பொன் என்று நம்பி இடத்தை அடைத்து வைப்பதும் முட்டாள்தனம்தான். வாப்பாவின் சரக்கிலும் பாதி உண்மையில் இரும்புக்குத்தான் லாயக்கு. எந்தப் பாதி என்று பார்க்காமல் போட்டதுதான் நான் விட்ட பிழை.

இன்னொன்று. வண்டியின் பிரேக் மிதி அசல் அல்ல. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுகிப் போயிருந்த காலத்தில் நான் பாடசாலைச் சிறுவன். மிதி உடைந்தபோது புதியது எடுக்க வழியில்லை. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் பட்டறையில், கழித்துவிட்ட இயந்திரத்தின் இரும்பைக் காய்ச்சி அடித்து அதைச் செய்து கொடுத்தார்கள். கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் கோணல். இங்கிலாந்தில் அசல் மிதி கிடைக்கிறது, விலையும் விசாரித்தேன். வாங்கவில்லை.

போன வருடம் கொழும்பிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். விலையும் பேசினார், நல்ல விலைதான். "முழுக்க ஒரிஜினலா?" என்று கேட்டார். பிஸ்டன் பிரதி, பொயின்ற் பிரதி, மிதி கம்பளைப் பக்கத்துத் தோட்டப் பட்டறையில் செய்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சேசி இலக்கம் வை.டீ.1 என்று தொடங்குவதையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் காட்டினேன். கேட்டதில் கொஞ்சம் குறைத்தார், ஆனால் மிதியைத்தான் அதிக நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் விற்கவில்லை; அது வேறு கதை.

இன்னும் ஸ்மித்ஸ் வேகமானி ஒன்று தேவைப்படுகிறது. இப்போது இருப்பதில் முள் நாற்பதில் நின்றுவிட்டது, வண்டி நின்றாலும் நாற்பதுதான். வாசகர்களில் எவருடைய கடைப் பின்னறையிலாவது 90 என்று தொடங்கும் பெட்டிகளோ பழைய வேகமானியோ கிடந்தால், இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். பெட்டியை மட்டும் கிழித்துவிட வேண்டாம்.