உங்கள் மாத்திரை உங்களுக்கு மட்டும்

“அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை செய்தபோது கொடுத்த மாத்திரை ஏழெட்டு மீதம் இருக்கிறது. எனக்கும் முதுகுவலி. போட்டுக்கொள்ளலாமா?” மருந்தாளுநரான என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் ‘டிராமடோல்’ என்றிருக்கும்.

வேண்டாம் என்பதே என் பதில். குழம்பு மீந்தால் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம். அந்தத் தாராள மனம் மருந்துப் பெட்டிக்கு ஆகாது. டிராமடோல், பனடோல் போன்றதல்ல. மோர்ஃபின், கோடீன் ஆகியவற்றைப் போல ஓபியாய்டு வகையைச் சேர்ந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் வலி உணர்வை அடக்கும். அளவு மீறினால் மூச்சையும் அடக்கிவிடும்.

ஒரே மாத்திரை எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. டிராமடோலையும் கோடீனையும் வீரியமுள்ள பொருளாக மாற்றுவது நம் கல்லீரல். சிலருக்கு இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். அம்மாவுக்குச் சரியாக இருந்த அளவு பிள்ளைக்கு ஆபத்தாகலாம். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு வலி மருந்தாக இவ்விரண்டையும் கொடுக்கக்கூடாது என்று 2017-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலைக்குப் போகும் இளையோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தூக்க மாத்திரையோடும் மதுவோடும் இது சேர்ந்தால் மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். மனச்சோர்வுக்கான சில மருந்துகளோடு சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். டிராமடோலுடன் பாராசிட்டமால் கலந்த மாத்திரைகளும் உண்டு. அது தெரியாமல் மேலும் இரண்டு பனடோல் போட்டால் கல்லீரலுக்குச் சுமை.

“மருத்துவர் எழுதித் தந்ததுதானே, அடிமையாக்குமா?” என்பார்கள். 1996-இல் அமெரிக்காவில் ஆக்ஸிகாண்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை விற்பனைக்கு வந்தது. அடிமையாகும் அபாயம் குறைவு என்று சொல்லியே அதைப் பரப்பினார்கள். 2007-இல், அதைத் தவறாக விளம்பரப்படுத்திய குற்றத்தைத் தயாரிப்பு நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள், மருத்துவர் சீட்டோடு தொடங்கிய பலர் விடமுடியாமல் தவித்தார்கள்.

ஆனாலும் பயந்து ஒதுக்கவும் வேண்டாம். புற்றுநோயால் துடிக்கும் தாத்தாவுக்கு, “பழகிவிடும்” என்று மோர்ஃபினை மறுப்பது அவருக்குச் செய்யும் கொடுமை. பல வாரங்கள் சாப்பிட்டால் உடல் மருந்துக்குப் பழகுவது இயல்பு. திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வரும். அதனால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். அடிமைத்தனம் வேறு. வலி போன பிறகும் தூக்கத்துக்காகவோ மனநிம்மதிக்காகவோ அதைத் தேடுவது, ஒரு வாரத்து மருந்தை மூன்றே நாளில் முடிப்பது, கிளினிக் கிளினிக்காக அலைந்து வாங்குவது, வீட்டாரிடம் மறைப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இவை தென்பட்டால் திட்டாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இது சிகிச்சை உள்ள நோய்.

மருந்து வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? எப்படி நிறுத்துவது? நான் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு ஒத்துப்போகுமா? மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கும் வழி கேளுங்கள். தலைசுற்றல் இருந்தால் மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள். இதைச் சாப்பிட்டவரை எழுப்ப முடியவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால், உடனே 999-ஐ அழையுங்கள்.

மீந்ததை அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். அதுவரை, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.