விண்வெளி மைனர்!

மைனர் என்றால் எப்படி இருப்பான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையில் பளபளவென்று கிராப்பு. கையில் காசு இருக்கிறதோ இல்லையோ, பேச்சுக்குக் குறைவில்லை. பெண்களைக் கண்டால் பல் இளிப்பான். வேலை என்றால் நழுவி விடுவான்.

அப்படிப்பட்ட ஒருவனை ராக்கெட்டில் ஏற்றி ஆகாயத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

ஜப்பான்காரர்கள் அனுப்பிப் பார்த்தார்கள். அதுதான் "ஸ்பேஸ் டாண்டி" என்ற சித்திரத் தொடர். டாண்டி என்றாலே மைனர் என்றுதான் பொருள். போன்ஸ் என்ற சித்திரப் பட நிறுவனம் 2014-ம் ஆண்டில் இதைத் தயாரித்தது. ஜனவரியில் தொடங்கி 13 கதைகள். ஜூலையில் தொடங்கி இன்னும் 13 கதைகள். ஆக மொத்தம் 26.

டாண்டிக்கு வேலை என்ன தெரியுமா? வேறு கிரகங்களில் வாழும் விசித்திரப் பிராணிகளைப் பிடிப்பது! பிடித்துக் கொண்டுபோய்ப் பதிவு நிலையத்தில் ஒப்படைத்தால் சன்மானம் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் பிராணி தப்பி விடும். சன்மானமும் போய் விடும்.

அவனுக்குத் துணை இருவர். ஒன்று, வீடு கூட்டுவதற்காகச் செய்த பழைய எந்திரம். அதன் பெயர் கியூட்டி. மற்றவன் மியாவ். பார்ப்பதற்குப் பூனை மாதிரி இருப்பான். நாம் திருவாதிரை என்று சொல்லும் விண்மீனின் பெயரைக் கொண்ட ஊரிலிருந்து வந்தவன். மூவரில் கொஞ்சமாவது மூளை உள்ளது, கூட்டுகிற எந்திரத்துக்குத்தான்!

இவர்களைத் துரத்திக்கொண்டு கொரில்லா முகத்துடன் ஒரு டாக்டர் வருகிறார். எதற்காகத் துரத்துகிறார் என்று டாண்டிக்குத் தெரியாது. தன்னை ஒருவர் துரத்துகிறார் என்பதே அவனுக்குத் தெரியாது!

செத்துப் பிழைத்தவன்

முதல் கதையின் முடிவில் குண்டு வெடித்து எல்லோரும் செத்து விடுகிறார்கள். ஆமாம், கதாநாயகனுந்தான். அடுத்த வாரம் பார்த்தால் எதுவுமே நடக்காதது போல் உட்கார்ந்து கொண்டிருக்கிறார்கள். யாரும் விளக்கம் சொல்வதில்லை.

இன்னொரு கதையில் மூவரும் நடைப் பிணங்களாக மாறுகிறார்கள். செத்தவனுக்கு ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் பணம் உண்டல்லவா? அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு செத்தவர்களே ஜாலியாக வாழ்கிறார்கள். கடைசியில் பிரபஞ்சம் முழுவதும் பிணமாகி விடுகிறது. கதை சொல்கிறவரும் தப்பவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தேன். இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டுகள் என்ன நினைப்பார்களோ தெரியாது.

வேறொரு கிரகத்தில் பெரும் யுத்தம். காரணம் என்ன? பனியன் அணிவது சிறந்ததா, ஜட்டி அணிவது சிறந்ததா என்ற தகராறு! இரு தரப்பிலும் ஆளுக்கு ஒருவர்தான் மிச்சம். அப்போதும் சண்டை ஓயவில்லை. சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். சற்று நேரம் கழித்துச் சிரிப்பு நின்று விடுகிறது. உலகத்தில் நடக்கும் சண்டைகள் நினைவுக்கு வருகின்றன.

இந்தத் தொடரின் பலமே இதுதான். கோமாளித்தனம் செய்துகொண்டே இருக்கும். திடீரென்று நெஞ்சைத் தொட்டு விடும்.

அதேலி என்ற சிறுமியின் கதையைப் பாருங்கள். தன் தாத்தாவைத் தேடுகிறாள். பெரியவர்கள் யாரையும் நம்பமாட்டாள். டாண்டி அவளை அழைத்துக்கொண்டு ரயிலில் போகிறான். எதற்காக? அவளை ஒப்படைத்துச் சன்மானம் வாங்கத்தான். அவளிடம் ஒரு விசித்திர சக்தி இருக்கிறது. கூடு விட்டுக் கூடு பாய்வதை விக்கிரமாதித்தன் கதையில் படித்திருக்கிறோம் அல்லவா? அதுபோல டாண்டியின் உயிர் ஒரு பொம்மைக்குள் புகுந்து விடுகிறது! மைனர் பொம்மையாகிறான். அந்தப் பயணத்தில் அவனுக்குள் இருக்கும் நல்ல மனிதனைப் பார்க்கிறோம்.

கூட்டுகிற எந்திரம், காப்பி போடும் எந்திரத்தின்மீது காதல் கொள்ளும் கதையும் உண்டு. எழுதும்போது வேடிக்கையாக இருக்கிறது. பார்க்கும்போது அப்படி இல்லை.

வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?

இனி, குறைகளுக்கு வருகிறேன்.

டாண்டி அடிக்கடி போகும் ஓட்டல் ஒன்று இருக்கிறது. அங்கே பரிமாறும் பெண்கள் அரைகுறை ஆடையில் நிற்கிறார்கள். அவர்களைப் பார்ப்பதற்கென்றே இவன் போகிறான். ஒரு தடவை காட்டினால், "மைனர் குணம், அப்படித்தான்" என்று விட்டு விடலாம். திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். மைனரைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டுமா, அவனோடு சேர்ந்து நாமும் பல் இளிக்க வேண்டுமா? எடுத்தவர்களுக்கே இதில் தெளிவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கா தங்கைகளோடு உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். இரவில் காட்டப்பட்ட தொடர் என்று சமாதானம் சொல்லலாம். இப்போது எல்லாம் கைப்பேசியில் வருகிறது. அதில் இரவு ஏது, பகல் ஏது?

இன்னொரு குறை. இந்த வாரம் பட்ட பாடு அடுத்த வாரம் இவனுக்கு நினைவிருப்பதில்லை. வேறு வேறு பிரபஞ்சங்கள், வேறு வேறு டாண்டிகள் என்று பிறகு விளக்கம் சொல்கிறார்கள். விளக்கம் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதேலியை மறந்துவிட்டு மறுபடி ஓட்டல் வாசலில் நிற்பவனைப் பார்க்கும்போது, அழுத நாம்தான் ஏமாளி என்று தோன்றி விடுகிறது.

இதன் தலைமை இயக்குநர் ஷினிச்சிரோ வாடானாபே. 1998-ல் வெளியான "கௌபாய் பீபாப்" தொடரை இயக்கியவரும் இவரே. அதுவும் விண்வெளியில் ஆள் பிடிக்கிற கதைதான். அதில் பழைய துக்கம் யாரையும் விடாது. அதை எதிர்பார்த்துப் போனவர்கள் இதில் ஏமாந்தார்கள். நான் அதற்காகக் குறை சொல்லமாட்டேன். ஒரே சாம்பாரை எத்தனை நாளைக்கு ஊற்றுவது?

ஒவ்வொரு கதையும் வேறு வேறு கலைஞர்களின் கைவண்ணம். அதனால் ஒன்று உச்சியில் இருக்கும். அடுத்தது பாதாளத்தில் கிடக்கும். பார்க்க விரும்புகிறவர்கள் முதல் கதையிலிருந்து தொடங்க வேண்டாம். அதில் ஓட்டல் காட்சிதான் அதிகம். 5-வது கதை, அதேலியின் கதை. அதைப் பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டு, வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

பிறகு 10-வது கதை. மியாவ் தன் ஊருக்குத் திரும்புகிறான். அப்பா சின்னப் பட்டறையில் உழைக்கிறவர். வீடு நிறையக் குழந்தைகள். ஊரில் ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் யாருக்கும் அது தெரியவில்லை. அந்த ஊரில் எல்லா நாளும் அப்படித்தானே இருக்கும்!