உருவப்படத்தில் திருத்தம்: எல்லை எது?

தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் கணிப்பொறி மென்பொருளின் துணைகொண்டு உருவப்படங்களைத் திருத்தியமைப்பது இன்று எங்கும் காணப்படும் வழக்கம். இதனை வெறும் பொய் என்று இகழ்வோரும் உளர். உயர்ந்த கலை என்று புகழ்வோரும் உளர். இவ்விரு முடிவுகளும் ஆராயாமல் கொண்டவை என்பதே நம் கருத்து.

திருத்தம் புதியதன்று. மியூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டேங்கல் என்பவர் 1855-ஆம் ஆண்டில் பாரிஸ் பொருட்காட்சியில் திருத்திய நெகடிவைக் காட்டினார் என்று புகைப்பட வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நம் நாட்டு ஸ்டூடியோக்களிலும் இது நெடுங்காலம் நுட்பமான கைத்தொழிலாக விளங்கியது. முகத்திலுள்ள கரும்புள்ளி நெகடிவில் தெளிந்த இடமாகத் தோன்றும். அவ்விடத்தில் கூரிய பென்சிலால் மெல்லப் பூசினால் ஒளி தடைப்பட்டு, அச்சுப் படத்தில் புள்ளி மறையும். 1990-இல் வெளிவந்த போட்டோஷாப் போன்ற மென்பொருள்கள், அருகிலுள்ள தோற்பரப்பின் படப்புள்ளிகளைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பி, அதே வேலையைச் சில நொடிகளில் முடிக்கின்றன.

எனவே, கருவியைக் குறைகூறிப் பயனில்லை. எதைத் திருத்துகிறோம் என்பதே கேள்வி. ஒரு வாரத்தில் ஆறிவிடும் பருவையும், சட்டையில் படிந்த தூசியையும் அகற்றுவதில் தீங்கில்லை. விளக்கொளியின் குறையால் மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதும் தகும். ஆனால், மூக்கைச் சுருக்குவதும், தாடையைக் குறுக்குவதும், மாநிறத்தை வெளுக்கச் செய்வதும் வேறு இனத்தைச் சேர்ந்தவை. 'திருத்தம்' என்னும் சொல்லே முன்பு ஒரு பிழை இருந்தது என்பதைக் குறிக்கும். கருமை பிழையன்று. பள்ளிக் குழுப்படத்தில் தன் நிறம் மாற்றப்பட்டிருப்பதைக் காணும் சிறுமி, யாரும் வாய்திறந்து சொல்லாமலே, தன்னிடம் குறை உண்டென்னும் பாடத்தைக் கற்றுக்கொள்கிறாள்.

சில நாடுகள் இதனைச் சட்டத்தினால் அணுகியுள்ளன. விளம்பரப் படங்களில் மாடல்களின் உடல் மெலிந்தோ பருத்தோ தோன்றுமாறு மாற்றியிருந்தால் அதனைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்னும் விதி பிரான்சில் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. நார்வேயும் 2021-இல் இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. மாற்றுவதைத் தடுக்காமல், மறைப்பதை மட்டும் தடுக்கும் இம்முறை பாராட்டத்தக்கது.

களப்பணியாளருக்கு இப்பொருள் அயலானதன்று. பல கைப்பேசிகள் நாம் கேளாமலே முகத்தை வழவழப்பாக்குகின்றன, நிறங்களையும் மிகைப்படுத்துகின்றன. இளம் இலையில் நரம்புகளுக்கிடையே தோன்றும் மஞ்சள் நிறம் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. படத்தில் அம்மஞ்சள் பசுமையாக மாறிவிட்டால், அதனை நம்பிக் கூறும் யோசனையும் தவறாகும், இழப்பு உழவருடையது. தோல் நோயின் படத்திற்கும் இது பொருந்தும்.

ஆகவே, சான்றுக்காக எடுக்கும் படங்களில் அழகூட்டும் வசதிகளை நிறுத்திவைத்தல் வேண்டும். திருத்தாத மூலப்படத்தைத் தனியே பாதுகாத்து, செய்த மாற்றத்தை ஓரிரு சொற்களில் குறித்துவைத்தலும் இன்றியமையாதது. ஆசிரியர்கள் ஒரே படத்தின் மூலத்தையும் திருத்திய பிரதியையும் மாணவருக்கு அருகருகே காட்டி, வேறுபாடுகளை அவர்களையே எண்ணச் செய்யலாம். பள்ளிக்குப் படமெடுக்க வரும் புகைப்படக்காரரிடம், பிள்ளைகளின் நிறத்தை மாற்றலாகாது என்று முன்னதாகவே சொல்லிவிடலாம். செலவில்லாத இந்த ஒரு சொல், பல பிள்ளைகளின் தன்மதிப்பைக் காக்கும்.