ஸ்பேஸ் பாரை விடு மச்சி!

ஹாஸ்டல் ரூம்ல பத்துப் பேர் ஒரே லேப்டாப்பைச் சுத்தி உக்காந்து படம் பார்க்கும்போது, நடுவுல ஸ்பேஸ் பாரைத் தட்டி "மச்சி, இந்த சீன் எங்கிருந்து வந்தது தெரியுமா?"ன்னு கேட்கிற ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். எங்க ரூம்ல அது நான்தான்.

போன செமஸ்டர் லீவுக்கு முந்தின ராத்திரி 'குங் ஃபூ ஹசில்' போட்டோம். ஸ்டீபன் சௌ இயக்கி நடிச்ச 2004 ஹாங்காங் படம். நான் எத்தனை தடவை பார்த்தேன்னு கணக்கே இல்லை. என் ரூம்மேட்டுக்கு அதுதான் முதல் தடவை. ஓனரம்மா ஹீரோவைத் துரத்துற சீன்ல கால் ரெண்டும் சக்கரம் மாதிரி சுத்தும். நிறுத்தினேன். "ரோட் ரன்னர் கார்ட்டூன்டா." பிறகு, மனநல மருத்துவமனை வராண்டாவுல ரத்தம் வெள்ளமா பாயும். மறுபடி நிறுத்தினேன். "குப்ரிக்கோட 'தி ஷைனிங்', 1980." அவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "நீ படம் காட்டுறியா, வைவா எடுக்குறியா?"

நல்லா உறைச்சுது. ஏன்னா அவன் சொன்னது சரி. ரத்த வெள்ளம் எந்தப் படத்துல இருந்து வந்ததுன்னு தெரியாதவனுக்கும் அந்த சீன் பயமா இருக்கும், சிரிப்பும் வரும். அதுக்கு என் விளக்கவுரை தேவையே இல்லை.

அப்போ ரெஃபரன்ஸ் தேடுறதே வேஸ்ட்டா? இல்லை. நாம தப்பான இடத்துல தேடுறோம்னுதான் சொல்றேன்.

இந்தப் படத்தோட பெரிய ரெஃபரன்ஸ் எந்த ஃபிரேம்லயும் ஒளிஞ்சு இல்லை, நடிகர்கள்கிட்டதான் இருக்கு. பொண்டாட்டிகிட்ட அடி வாங்கிக்கிட்டே திரியுற ஹவுஸ் ஓனரா வர்றவர் யுவென் வா. 1973-ல 'என்டர் தி டிராகன்' படத்துல புரூஸ் லீக்கு டூப் போட்டவர். நாம வாயைப் பிளந்து பார்த்த பல்டிகளை அடிச்சது அவர்தான், ஆனா முகம் தெரியக் கூடாது. டூப் வேலையே அதுதானே! ஓனரம்மாவா வர்ற யுவென் ச்சியூவும் அவரும் ஒரே குருகிட்ட சீன ஓபரா பயிற்சி எடுத்தவங்க. ஜாக்கி சானும் அங்கே படிச்சவர்தான். பல வருஷமா சினிமாவை விட்டு விலகியிருந்த அந்த அம்மாவைக் கூட்டிட்டு வந்து, தலையில கர்லரும் வாயில சிகரெட்டுமா நிறுத்தி, படத்தோட பெரிய மாஸ் சீன்களைக் கொடுத்திருக்கார் சௌ. காருக்குள்ள கேங் தலைவன் முன்னாடி அவங்க வாயே திறக்காம புரூஸ் லீ மாதிரி கையாலயே மிரட்டுவாங்க. பக்கத்துல உக்காந்திருக்கிறது யாருன்னு இப்போ யோசிங்க. அந்த புரூஸ் லீக்கே டூப் போட்டவர்!

கதை நடக்கிற அந்த நெரிசலான சந்துக்கும் ஒரு பின்கதை இருக்கு. 'தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்'னு ஒரு கான்டனீஸ் காமெடி. ஒரே கட்டடத்துல அடைஞ்சு வாழுற வாடகைக்காரங்களையும் கறாரான ஓனர் தம்பதியையும் பத்தின படம். அதுவும் 1973-லதான் வந்துச்சு. அந்த வருஷம் ஹாங்காங் வசூல்ல அது 'என்டர் தி டிராகனை'யே முந்திடுச்சு. சௌ இந்த ரெண்டையும் ஒரே சந்துக்குள்ள குடிவெச்சிருக்கார். வாடகை பாக்கி வெச்சிருக்கிற தையல்காரர், மூட்டை தூக்குற கூலி, நூடுல்ஸ் போடுறவர், எல்லாரும் மாஸ்டர்கள். தையல்காரரா நடிச்ச ச்சியூ ச்சி லிங் நிஜத்துலயும் ஹங் கார் குங்ஃபூ மாஸ்டர்.

அதனால இதை நான் ரெஃபரன்ஸ்னு சொல்ல மாட்டேன், நன்றிக்கடன்னு சொல்வேன். பழைய சீனைத் திருப்பி எடுக்க கேமரா போதும். அந்த சீனுக்காக உடம்பை உடைச்சுக்கிட்டவரைத் தேடிப் பிடிச்சு முகத்தைக் காட்ட மனசு வேணும்.

தெரியலைன்னா வெட்கப்படவும் வேண்டாம். ஓனர் தம்பதி தங்களோட பேரைச் சொல்ற இடத்துல, ஜின் யோங் நாவலோட புகழ்பெற்ற காதல் ஜோடி பேரைத்தான் சீன மொழியில சொல்வாங்க. இங்கிலீஷ் சப்டைட்டில்ல அதை பாரிஸ், ஹெலன் ஆஃப் டிராய்னு மாத்திட்டாங்க. சப்டைட்டிலை நம்பிப் படம் பார்க்கிற நமக்கு எல்லாம் பிடிபடாது. படம் அதுக்காக நம்மளை வெளியே நிறுத்தவும் இல்லை.

ரூம்ல ஸ்பேஸ் பார் தட்டுற ஆள் நீங்கதானா? ஒரே ஒரு வேண்டுகோள். முதல் தடவை பார்க்கிறவனை நிம்மதியா பார்க்க விடுங்க. படம் முடிஞ்சதும் டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போய் யுவென் வா கதையைச் சொல்லுங்க. நான் அன்னைக்கு அதைத்தான் செஞ்சேன். டீயைக் குடிச்சு முடிச்சவன், "வா மச்சி, 'என்டர் தி டிராகன்' போடு, அந்த பல்டியைப் பார்க்கணும்"னான்.

இந்தத் தடவை ஸ்பேஸ் பாரைத் தட்டினது அவன்தான்!