சாப்பிட்டும் தேறாத பெண்



சில ஆண்டுகளுக்கு முன் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் இருந்தான். காலை எட்டு மணிக்கே மேசையில் தலை சாய்த்துவிடுவான். திடலில் ஓடச் சொன்னால் நான்கு அடி ஓடிவிட்டு உட்கார்ந்துகொள்வான். ஒரு நாள் பொறுமை இழந்து, "சோம்பேறி!" என்று வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் முன்னால் ஏசிவிட்டேன். அவன் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு மாதம் கழித்து அவனுடைய தாயார் வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டு, அவனை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனார். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். கடுமையான ரத்தசோகை! உடம்புக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்ல அவன் ரத்தத்துக்குச் சக்தி போதவில்லை. நான் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தேன்.

வெட்டுமரத்துப் பாலை அளக்கிறோம். செம்பனைக் குலையை நிறுக்கிறோம். மனிதனுடைய தெம்பை அளக்க முடியுமா? முடியும் என்கிறது விஞ்ஞானம். அந்தக் கதையைத்தான் இந்த முறை சொல்லப் போகிறேன்.

மூச்சு என்றால் மூக்கோடும் நெஞ்சோடும் முடிந்துவிடுவதாக நினைக்கிறோம். உண்மையான மூச்சு அதற்குப் பிறகுதான் நடக்கிறது. நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்டிரியா என்னும் மிகச் சிறிய உறுப்புகள் இருக்கின்றன. நாம் இழுக்கும் பிராணவாயுவில் பெரும் பகுதி அங்கேதான் போய்ச் சேருகிறது. நாம் உண்ட சோற்றின் சத்து அங்கே அந்தப் பிராணவாயுவோடு சேர்ந்து சக்தியாக மாறுகிறது.

அந்தச் சக்தி எப்படிக் கைமாறுகிறது? பால் வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அடினோசின் டைபாஸ்பேட் என்பது வெறும் வாளி. மைட்டோகாண்டிரியா அதை நிரப்பி அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் நிறைவாளியாக அனுப்பும். கையை அசைக்கவும், இதயம் துடிக்கவும், பாடத்தை யோசிக்கவும் அந்த நிறைவாளிதான் செலவாகிறது. காலியான வாளி மறுபடியும் நிரம்ப வரும்.

இதை ஆராய்ச்சிக்கூடத்தில் அளப்பது எப்படி? தசையில் அல்லது ஈரலில் ஒரு சிறு துண்டை எடுத்து, குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் பதமாக அரைப்பார்கள். வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் மைட்டோகாண்டிரியா தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். அதை ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில், இளஞ்சூடான கரைசலில் விட்டு, காற்றுப் புகாமல் மூடுவார்கள். கிண்ணத்தின் அடியில் ஒரு பிளாட்டினம் முனையும் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வும் இருக்கும். பிராணவாயு சவ்வைக் கடந்து முனையைத் தொட்டால் சிறிதளவு மின்சாரம் ஓடும். பிராணவாயு குறையக் குறைய மின்சாரமும் குறையும். இந்தக் கருவியை 1956இல் உலகுக்கு அறிவித்தவர் லீலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர்.

மின்சாரம் குறைவதை ஒரு கோடாக வரைந்து பார்ப்பார்கள். வெறும் வாளி இல்லாதபோது கோடு மெதுவாகச் சரியும். வெறும் வாளியைக் கொடுத்தவுடன் விறுவிறுவென்று சரியும். வாளிகள் எல்லாம் நிரம்பியதும் மறுபடியும் மெதுவாகிவிடும். வேலை இருந்தால் வேகம், வேலை இல்லாவிட்டால் ஓய்வு. இதுதான் நல்ல மைட்டோகாண்டிரியாவின் இலட்சணம்.

நம் நாட்டு ஆறுகளில் மீன் பிடிக்க அந்தக் காலத்தில் தூபா வேரை நசுக்கிப் போடுவார்களே, அதிலுள்ள ரோட்டினோன் என்ற விஷத்தையும் இந்தச் சோதனையில் பயன்படுத்துகிறார்கள். அதைக் கிண்ணத்தில் விட்டால் கோடு சரிவது ஏறக்குறைய நின்றுபோகும். கிண்ணத்தில் பிராணவாயு இருக்கும். ஆனால் மைட்டோகாண்டிரியாவால் அதை உபயோகிக்க முடியாது. தூபா கலந்த ஆற்றில் மீன் திணறி மிதப்பதும் இதனால்தான்.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். ஸ்வீடன் நாட்டில் 35 வயதுப் பெண் ஒருவர் ஸ்டாக்ஹோம் நகர மருத்துவர் ரோல்ப் லுப்ட் என்பவரிடம் வந்தார். குளிர் மிகுந்த நாடு அது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஓயாமல் வியர்த்துக் கொட்டும். நிறையச் சாப்பிடுவார், உடம்பு தேறாது. சதா களைப்பு. சும்மா படுத்திருக்கும்போதே அவர் உடம்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகச் சக்தியைச் செலவழித்தது. தைராய்டு சுரப்பியின் கோளாறாக இருக்குமோ என்று அதை அறுவை செய்தும் பார்த்தார்கள். வியர்வை நிற்கவில்லை.

கடைசியில் அவருடைய தசையில் ஒரு துண்டு எடுத்து, மைட்டோகாண்டிரியாவைப் பிரித்து, அதன் பிராணவாயுச் செலவை அளந்தார்கள். குட்டு வெளிப்பட்டது! வெறும் வாளி கொடுக்காதபோதும் அது அதிவேகமாகப் பிராணவாயுவைத் தின்றுகொண்டிருந்தது. லாரியைக் கியரில் போடாமல் எண்ணெயை அழுத்தினால் என்ன ஆகும்? இன்ஜின் உறுமும், சூடேறும், எண்ணெய் தீரும், வண்டி நகராது. அந்த அம்மையாருடைய உடம்பிலும் அப்படித்தான் நடந்தது. உண்ட சோற்றில் பெரும் பங்கு சூடாகவும் வியர்வையாகவும் வீணானது.

லுப்ட் குழுவினர் இதை 1962இல் விரிவாக வெளியிட்டார்கள். மைட்டோகாண்டிரியாவின் கோளாறே நோய்க்குக் காரணம் என்று மனிதரில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அப்போதுதான். அந்த நோய் மிக மிக அபூர்வம். அதைத் தீர்க்கும் மருந்தும் அவர்களிடம் இல்லை. ஆனால் அந்த ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கிய பாதையில்தான் இன்று நூற்றுக்கணக்கான மைட்டோகாண்டிரியா நோய்கள் இனங்காணப்பட்டுள்ளன. குழந்தைகளின் தசைத் தளர்ச்சி, வலிப்பு, பார்வைக் குறைவு எனப் பல வடிவங்களில் அவை வருகின்றன. இன்று மரபணுச் சோதனையும் துணைக்கு வந்துவிட்டது.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை களைத்துப் போனால் உடனே இத்தகைய அபூர்வ நோயோ என்று அஞ்ச வேண்டாம். நம் பிள்ளைகளிடம் பெரும்பாலும் காண்பது ரத்தசோகை, குடற்புழு, தூக்கக் குறைவு, காலையில் பசியாறாமல் வருவது போன்றவையே. ஆனால் ஒரு பிள்ளை பல வாரங்களாகச் சோர்ந்தே இருந்தால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ரத்தசோகையைக் கண்டுபிடிக்கச் சில துளி ரத்தமே போதும்.

அந்தப் பையன் இரும்புச் சத்து மாத்திரையும் நல்ல சாப்பாடும் எடுத்துக்கொண்டு சில மாதங்களில் திடலைச் சுற்றி ஓடினான். அவனைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்று சிரித்துவிட்டு ஓடிவிட்டான். அன்று முதல் என் வகுப்பில் எந்தப் பிள்ளையையும் நான் சோம்பேறி என்று அழைத்ததில்லை. நீங்களும் அழைக்காதீர்கள்.